சொந்த வீட்டில் முதல் புயல்: ஹூஸ்டனில் பெரிலைக் கடந்த செய்முறை

ஏழு ஆண்டுகள் அடுக்ககத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹூஸ்டனின் மேற்குப் புறநகரான கேட்டியில் வீடு வாங்கினோம். ஜூலை 8ஆம் தேதி திங்கட்கிழமை அதிகாலை பெரில் புயல் டெக்சாஸ் கடற்கரையில் மட்டகோர்டா அருகே கரையைக் கடந்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஐந்து வகைகளில் அது மிகக் குறைந்த முதல் வகைப் புயல்தான். ஆனால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, எங்கள் தெருவுக்குத் திரும்பி வர ஐந்து நாள்கள் ஆயின. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. எங்களைச் சோதித்தது அதற்குப் பின் வந்த புழுக்கமான நாள்கள்தான். அதனால் இந்தச் செய்முறையின் பெரும்பகுதி அந்த நாள்களைப் பற்றியது.

முதல் படி: தங்குவதா, வெளியேறுவதா

நீருக்கு விலகி ஓட வேண்டும், காற்றுக்கு மறைந்து இருக்க வேண்டும் என்பதே இப்பகுதியினர் பின்பற்றும் விதி. கடலோர அஞ்சல் குறியீடுகள் வெளியேற்ற மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன; உங்கள் வீடு அவற்றுள் ஒன்றில் இருந்து, வெளியேறும்படி அறிவிப்பு வந்தால், விவாதிக்காமல் கிளம்புங்கள். மண்டலத்துக்கு வெளியே, வெள்ள வரைபடத்திலும் மேடான இடத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் தங்குவதே நல்லது. 2005இல் ரீட்டா புயலின்போது போகத் தேவையில்லாதவர்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்ததால் நெடுஞ்சாலைகளில் போக்குவரத்து அசையாமல் நின்றுபோனது. அந்த வெளியேற்றத்திலேயே ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள்.

இரண்டாம் படி: காப்பீட்டுத் தாளை இன்றே எடுத்துப் படியுங்கள்

வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது. வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அரசின் திட்டத்தில் சேர்ந்தால் பொதுவாக 30 நாள்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். அடுத்து, புயல் சேதத்துக்கு நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகை பெரும்பாலும் ஒரு நிலையான தொகையாக இல்லாமல் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் ஒரு விழுக்காடாக எழுதப்பட்டிருக்கும். 4,00,000 டாலர் மதிப்புக்கு 2 விழுக்காடு என்றால் 8,000 டாலர் நம் பொறுப்பு. நான் இதைப் புயலுக்குப் பிறகுதான் படித்தேன்.

மூன்றாம் படி: முன்னறிவிப்பைச் சரியாகப் படிப்பது

தேசிய ஹரிக்கேன் மையம் முன்னறிவிப்பு வரைபடத்தில் வரையும் கூம்பு வடிவம், புயலின் மையம் செல்லக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது. சேதம் எங்கெங்கே நேரும் என்பதை அது காட்டாது. ஜூலை 4 விடுமுறையை ஒட்டிய நாள்களில் பெரிலின் பாதை மெக்சிகோ எல்லைப் பக்கமாக இருந்ததால் நாங்கள் கவலைப்படவில்லை. வார இறுதிக்குள் அது வடக்கே நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது குடிநீர் அடுக்குகள் காலியாக இருந்தன. மெக்சிகோ வளைகுடாவுக்குள் ஒரு புயல் வரக்கூடும் என்று தெரிந்த உடனேயே, வரைபடத்தில் அதன் பாதை எங்கே இருந்தாலும், கொள்முதலை முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: முந்தைய இரண்டு நாள்கள்

தொட்டிகள், நாற்காலிகள், குப்பைத் தொட்டி என்று காற்றில் பறக்கக்கூடிய அனைத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள். கண்ணாடியில் ஒட்டுநாடா ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை; மூட வேண்டுமானால் குறைந்தது 5/8 அங்குலத் (அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு) தடிமனுள்ள பிளைவுட் பலகையை அளவெடுத்து வெட்டி, எண்ணிட்டு வைத்திருங்கள். காற்று பலமாக வீசும்போது வீட்டில் மிகவும் பலவீனமான இடம் இரண்டு கார் அகலமுள்ள கராஜ் கதவு. அது உள்நோக்கி முறிந்தால் காற்று புகுந்து கூரையை மேலே தள்ளும்; 1992இல் ஆண்ட்ரூ புயலில் பல வீடுகள் இவ்வாறே கூரையை இழந்தன. அடுத்த புயல் பருவத்துக்கு முன் நான் செலவு செய்யப்போவது சன்னல்களுக்கு அல்ல, அந்தக் கதவை வலுப்படுத்தும் தாங்குசட்டங்களுக்குத்தான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (ஏறத்தாழ 3.8 லிட்டர்) குடிநீர் வேண்டும். கடலூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியார் 2011இல் தானே புயலைப் பார்த்தவர். நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் குளியல் தொட்டியையும் வீட்டிலிருந்த அத்தனை பாத்திரங்களையும் நிரப்பி முடித்திருந்தார். உறைபெட்டியில் காலியாக உள்ள இடங்களில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்து உறைய விடுங்கள். நிறைந்த உறைபெட்டி திறக்காமல் இருந்தால் இரண்டு நாள்கள் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம்தான்.

புயல் இரவன்று சன்னல் இல்லாத உள்ளறையிலோ நடைவழியிலோ படுங்கள். அழுத்தத்தைச் சமன்செய்யச் சன்னலைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஜெனரேட்டர்

நான் தவறிய இடம் இதுவாகையால் விரிவாகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஜெனரேட்டரை இயக்கினேன். கராஜுக்குள் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்; ஆகவே கதவைப் பாதி உயர்த்தி, அதற்கு வெளியே ஐந்தடி தள்ளி வைத்து, மின்கம்பியைக் கராஜ் வழியாக உள்ளே இழுத்தேன். இரவு பதினொரு மணிக்கு மாமியார் தலை வலிக்கிறது என்றார். வெயிலில் இருந்ததால் என்று நினைத்தோம். சிறிது நேரத்தில் நடைவழியிலிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. மின்தடை தொடங்கியதிலிருந்தே வீட்டிலுள்ள கருவிகள் அவ்வப்போது கீச்சிட்டுக்கொண்டிருந்ததால், இதுவும் பேட்டரி தீர்வதன் அறிகுறி என்று எண்ணி அதைக் கழற்றப் போனேன். என் மனைவிதான் நின்று எண்ணினாள்: நான்கு ஒலி, ஓர் இடைவெளி, மறுபடியும் நான்கு ஒலி. நான்கு ஒலி என்றால் கார்பன் மோனாக்சைடு. ஒற்றைக் கீச்சுதான் பேட்டரி. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது தரும் தலைவலியையும் குமட்டலையும் வெயிலின் களைப்பிலிருந்து பிரித்தறிய முடியாது. அனைவரையும் தெருவுக்கு அழைத்துவந்து அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தோம். தீயணைப்பு வீரர்கள் அளந்து பார்த்து, கராஜிலிருந்து வீட்டுக்குள் செல்லும் கதவு வழியாகப் புகை வந்திருக்கிறது என்றார்கள். எல்லோரும் நலமாகவே இருந்தார்கள். அந்த எண்ணிக்கை மட்டும் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். உங்கள் சன்னல்களை மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டுச் சன்னல்களையும் கவனியுங்கள். அவ்வளவு தூரத்துக்கு 12 கேஜ் தடிமனுள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கம்பியை வாங்குங்கள். மெல்லிய கம்பி சூடாகும். கம்பி நுழையும் இடுக்கைத் துணியால் அடைத்துவிடுங்கள். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுங்கள். இரு முனைகளிலும் பின்கள் துருத்தும் கம்பியைக் கொண்டு சுவரிலுள்ள மின்செருகுத் துளை வழியாக வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அது தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, பழுதுபார்க்கும் ஊழியரைக் கொல்லும்.

எதை வாங்குவது என்று கேட்டால், பெரிய, இரைச்சலான இயந்திரத்தை விட 2,200 வாட் இன்வெர்ட்டர் வகையையே நான் பரிந்துரைப்பேன். மைய ஏசியை அதனால் இயக்க முடியாது. ஆனால் 5,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) சன்னல் ஏசி ஒன்று ஏறத்தாழ 500 வாட்தான் எடுக்கும். அதைப் பொருத்திய ஓர் அறையில் குடும்பமே உறங்கலாம், குளிர்சாதனப் பெட்டியும் ஓடும். பெட்ரோல் செலவும் பாதியாகும்.

ஆறாம் படி: விடிந்த பின்

எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் ஒவ்வொரு சேதத்தையும் படமெடுங்கள். கூரை ஒழுகினால் தார்ப்பாய் போட்டு மூடி, அதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டி, கூரையைச் சரிசெய்து தருகிறோம் என்று அன்றே கையெழுத்துக் கேட்பவர்களுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த இருவர் சொன்னதைச் சேர்க்கிறேன். ஒருவர் வீட்டிலிருந்த கார்பன் மோனாக்சைடு கருவி சுவரிலுள்ள மின்செருகுத் துளையில் செருகும் வகை. அதில் பேட்டரியே இல்லாததால் மின்தடையில் அது வேலை செய்யவில்லை. உங்கள் கருவியை இன்றே சுவரிலிருந்து பிடுங்கிச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒலிக்கவில்லை என்றால் பேட்டரி உள்ளதாக மாற்றுங்கள். மற்றொருவர், மின்சாரம் இல்லாததால் காரை வெளியே எடுக்க முடியவில்லை என்றார். கராஜ் கதவின் தண்டவாளத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவைக் கையால் தூக்கலாம். ஆனால் கதவு முழுவதும் மூடியிருக்கும்போதே அதை இழுக்க வேண்டும். உயர்ந்த நிலையில் இழுத்தால், சுருள்வில் தளர்ந்திருக்கும் கதவு அப்படியே கீழே விழும்.