எண் சரி, பொருள் தவறு: கணினி வரைகலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி வரைகலை கற்கத் தொடங்குகிறவர்கள் கணிதத்தில் தடுமாறுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. கணக்கைப் பெரும்பாலும் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். 128 என்பது ஒளியின் அளவா, ஒளிக்கு வைத்த குறியீடா? 300 என்பது படத்தின் பண்பா, தாளின் பண்பா? மூன்று எண்கள் ஒரு இடத்தைச் சொல்கின்றனவா, ஒரு திசையைச் சொல்கின்றனவா? இந்தக் கேள்விகளைத் தவறவிட்டாலும் புரோகிராம் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. திரையில் ஏதோ ஒன்று சற்றே அழுக்காக, சற்றே இருட்டாக, சற்றே தள்ளித் தெரியும். அதற்குக் காரணம் தேடிப் பல நாள் அலைய வேண்டியிருக்கும்.

பிக்சலைச் சதுரமாக நினைப்பது

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிகின்றன. எனவே பிக்சல் என்றால் ஒரு குட்டிச் சதுரம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. பிக்சல் சதுரமல்ல என்று 1995-இல் கணினி வரைகலை முன்னோடி ஆல்வி ரே ஸ்மித் ஒரு குறிப்பே எழுதினார். பிக்சல் என்பது தொடர்ச்சியான ஒரு காட்சியிலிருந்து ஒரு புள்ளியில் எடுத்த மாதிரி மதிப்பு. அதற்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை.

இது வெறும் தத்துவம் என்று கடந்துபோகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம், படத்தின் அளவை மாற்றும் கணக்கு. நான்கு பிக்சல் கொண்ட வரிசையை எட்டாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிய பிக்சலின் வரிசை எண்ணை 2-ஆல் வகுத்தால் பழைய இடம் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் வழக்கமான ஆயமுறையில் முதல் பிக்சலின் மாதிரிப்புள்ளி 0-இல் இல்லை, 0.5-இல் இருக்கிறது. எனவே வரிசை எண்ணோடு 0.5 கூட்டி, 2-ஆல் வகுத்து, பிறகு 0.5 கழிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் படம் முழுவதும் பழைய அளவில் கால் பிக்சல் நகர்ந்துவிடும். தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதன் மேல் சரியாக அளவு மாற்றிய இன்னொரு அடுக்கை வைக்கும்போதுதான் ஓரங்கள் பொருந்தாமல் நிற்கும்.

மாதிரி எடுப்பது என்று புரிந்துகொண்டால் ஏலியாசிங்கும் புரிந்துவிடும். நெருக்கமான கோடுகளை அகன்ற இடைவெளியில் மாதிரி எடுத்தால், அங்கே இல்லாத பட்டையான அலைகள் தோன்றும். "முதலில் வரைந்துவிடலாம், பிறகு மங்கலாக்கிச் சரிசெய்யலாம்" என்பது மிகப் பரவலான தவறு. பொய்யான அலை ஒருமுறை மாதிரிக்குள் வந்துவிட்டால், அதை உண்மையான வடிவத்திலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. மங்கலாக்கினால் மங்கலான பொய்தான் மிஞ்சும். நுண்விவரங்களை மாதிரி எடுப்பதற்கு முன்பே வடிகட்ட வேண்டும். டெக்ஸ்சர்களுக்கு, அதாவது பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களுக்கு, இதை மலிவாகச் செய்யும் வழியாக மிப்மேப்பை (அதே படத்தை முன்கூட்டியே படிப்படியாகச் சுருக்கிவைத்த தொகுப்பை) லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் முன்வைத்தார். ஒவ்வொரு படியிலும் அகலமும் உயரமும் பாதியாகின்றன; எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் கூடுதலாகத் தேவைப்படும் நினைவகம் மூலப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான். நினைவகம் மிச்சம் என்று மிப்மேப்பை அணைத்துவைப்பது வீண் சிக்கனம்.

டிபிஐ குழப்பம்

3000 × 2000 பிக்சல் கொண்ட ஒரு படத்தில் "72 டிபிஐ" (அங்குலத்துக்கு 72 புள்ளிகள்) என்று எழுதியிருக்கும். அதை 300 என்று மாற்றினால் தரம் கூடிவிட்டதாக நம்புகிறவர்கள் ஏராளம். பிக்சல்களைத் தொடாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் கோப்பில் மாறுவது ஒரு குறிப்பு மட்டுமே. 300 என்றால் அச்சில் 10 அங்குல அகலம் வரும். 72 என்றால் ஏறக்குறைய 41.7 அங்குலம் வரும். பிக்சல்கள் அதே பிக்சல்கள். எனவே "300 டிபிஐ படம் அனுப்புங்கள்" என்ற கோரிக்கை அரைகுறையானது. எத்தனை அங்குல அகலத்தில் அச்சிடப் போகிறோம் என்பதையும் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இதற்கு உறவான தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜேபெக் படம் ஒன்றை எஸ்விஜி கோப்புக்குள் வைத்துச் சேமித்தால் அது வெக்டர் ஆகிவிடாது. வெக்டர் படத்தில் இருப்பவை கோடு, வளைவு, நிரப்பு நிறம் போன்ற வரையறைகள். கோப்பின் பின்னொட்டு அதை முடிவுசெய்வதில்லை.

128 பாதி ஒளி அல்ல

எல்லாத் தவறுகளிலும் அதிகம் பரவியதும், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். எட்டு பிட் படத்தில் 0 கருப்பு, 255 வெள்ளை. எனவே 128 பாதி வெளிச்சம் என்று தோன்றுவது இயல்பு. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பிக்சல் கருப்பு, அடுத்தது வெள்ளை என்று சதுரங்கப் பலகை போல ஒரு கட்டம் வரையுங்கள். அதன் ஒரு பக்கத்தில் 128 சாம்பலையும், மறுபக்கத்தில் 188 சாம்பலையும் வையுங்கள். படத்தைச் சுருக்காமல், பெரிதாக்காமல், அசல் அளவிலேயே வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கட்டத்தில் பாதிப் பிக்சல்கள் முழு ஒளி, பாதி இருள். ஆக, அது சரியாகப் பாதி ஒளி. அதோடு ஒத்துப்போவது 188. 128 நன்றாக இருண்டு தெரியும்.

காரணம், கோப்பில் இருப்பது ஒளியின் அளவல்ல, குறியாக்கம் செய்யப்பட்ட மதிப்பு. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி முறையில் 128 என்ற குறியீடு முழு ஒளியில் ஏறக்குறைய 22 சதவீதத்தைக் குறிக்கிறது. இப்படி வளைத்து எழுதுவதற்கு நல்ல காரணம் உண்டு. இருண்ட பகுதிகளில் ஏற்படும் சிறு மாறுதல்களைக் கண் நுட்பமாகப் பிரித்தறியும்; பிரகாசமான பகுதிகளில் அவ்வளவு அறியாது. இருப்பது 256 படிகள்தான் என்னும்போது, அவற்றில் பெரும்பங்கை இருண்ட பக்கத்துக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

சேமிக்க ஏற்ற எண் கணக்கிட ஏற்றதல்ல. மங்கலாக்குதல், சுருக்குதல், இரண்டு நிறங்களைக் கலத்தல், விளக்கொளி கணக்கிடுதல் எல்லாமே ஒளியைக் கூட்டிச் சராசரி எடுக்கும் வேலைகள். குறியீடுகளை அப்படியே கூட்டினால் விடை இருண்டு போகும். சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும் பட்டையின் நடுவே அழுக்கான பழுப்பு ஒன்று வருமே, அது இதனால்தான். இரவு வானத்தின் படத்தைச் சுருக்கும்போது நட்சத்திரங்கள் தேவைக்கு மேல் மங்குவதும் இதனால்தான். படிக்கும்போது குறியீட்டை ஒளி அளவாக மாற்றுங்கள். கணக்கை அங்கே செய்யுங்கள். திரைக்கு அனுப்பும்போது, கடைசியில் ஒரே ஒருமுறை, மறுபடி குறியீடாக்குங்கள்.

இதைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள்: எல்லாக் கோப்பையும் இப்படி மாற்றுவது. நார்மல் மேப் (மேற்பரப்பு ஒவ்வொரு புள்ளியிலும் எந்தத் திசையை நோக்குகிறது என்று சொல்வது), சொரசொரப்பைக் குறிக்கும் மேப் ஆகியவற்றில் இருப்பவை நிறங்களே அல்ல, அளவுகள். அவற்றை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து மாற்றினால் மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் கோணலாகிவிடும். இன்னொரு குழி, ஒளி அளவை அப்படியே எட்டு பிட்டில் சேமிப்பது. இருண்ட பகுதிகளில் படிகள் பற்றாமல் பட்டை பட்டையாகத் தெரியும்.

படத்தைச் சாம்பல் நிறமாக்க மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுப்பதும் இதே ரகம்தான். எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஒளிர்வுக்குச் சிவப்பின் பங்கு 0.2126, பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722. சமமாக வகுத்தால் நீலம் தகுதிக்கு மீறி வெளுத்துவிடும். இந்தப் பங்குகளையும் ஒளி அளவின் மீதுதான் பயன்படுத்த வேண்டும்.

ஓரத்தில் வரும் சாம்பல் கோடு

பின்னணி நீக்கிய படத்தை வேறொன்றின் மேல் வைத்ததும் ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு தெரிந்தால், வெட்டியவரின் கையைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் ஆல்ஃபாவை, அதாவது ஒரு பிக்சல் பின்னணியை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் எண்ணை, புரிந்துகொண்ட விதத்தில்தான் கோளாறு.

ஒரு வெள்ளை வடிவத்தை எடுத்துக்கொள்வோம். முழு அளவை 255 என்பதற்குப் பதில் 1 என்று எழுதுகிறேன். உள்ளே இருக்கும் பிக்சல் 1, 1, 1, ஆல்ஃபா 1. வெளியே இருப்பது முழுக்க ஒளிபுகுவது. அங்கே நான்கும் 0. படத்தைச் சுருக்கும்போது இரண்டும் சராசரியாகி, ஓரத்தில் நான்கு எண்களும் 0.5 ஆகின்றன. இதை வெள்ளைப் பின்னணியில் வைக்கிறோம். சாதாரண ஆல்ஃபா என்று எடுத்துக்கொண்டால் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்க வேண்டும்: 0.25. பின்னணியின் பங்கு 0.5. கூட்டினால் 0.75. வெள்ளையின் மேல் வெள்ளை வைத்தோம். சாம்பல் வந்து நிற்கிறது. அதே நான்கு எண்களை, நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டுவிட்டது என்று படித்தால் 0.5-உடன் 0.5 சேர்ந்து சரியாக 1. கோடு மறைந்துவிடுகிறது.

தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் படங்களை அடுக்கும் கணக்கை வகுத்தபோதே இந்த முன்பெருக்கல் முறையைத்தான் அடிப்படையாகக் கொண்டார்கள். ஆனால் பிஎன்ஜி கோப்பில் நிறங்கள் பெருக்கப்படாமலேயே இருக்கின்றன. எனவே படித்தவுடன் பெருக்கிவிட்டு, அதன் பிறகே அளவு மாற்றவோ மங்கலாக்கவோ வேண்டும். பெருக்கியதை மறந்து இன்னொரு முறை பெருக்கினால் ஓரம் மறுபடி கருக்கும்.

இடமும் திசையும்

ஓர் இடத்தை நகர்த்தலாம்; ஒரு திசையை நகர்த்துவதில் பொருளில்லை. அதற்காகத்தான் மூன்று எண்களோடு நான்காவது எண் ஒன்று இருக்கிறது: இடத்துக்கு 1, திசைக்கு 0. எல்லாவற்றுக்கும் 1 என்று எழுதிவிட்டால், பொருளை நகர்த்தும்போது அதன் மேல் விழும் ஒளியின் திசையும் சேர்ந்து விலகும்.

சுழற்றவும் நகர்த்தவும் பயன்படும் அணிகளின் (மேட்ரிக்ஸ்) பெருக்கல் வரிசையும் அடிக்கடி கவிழ்க்கும். சுழற்றிவிட்டு நகர்த்துவது வேறு, நகர்த்திவிட்டுச் சுழற்றுவது வேறு. இரண்டாவதில் பொருள் ஆதிப்புள்ளியைச் சுற்றி வந்துவிடும். நிரல் திசையன் வழக்கில் வலக்கோடியில் உள்ள அணிதான் முதலில் செயல்படும். நிரைத் திசையன் வழக்கில் நேர்மாறு. இரண்டு பாடங்களிலிருந்து இரண்டு வழக்குகளை எடுத்து ஒட்டுவதே பெரும்பாலான குழப்பங்களின் வேர். எந்த வழக்கு என்பதைப் புரோகிராமின் தலைப்பிலேயே எழுதிவைப்பது நல்லது.

நார்மலைப் பற்றி, அதாவது மேற்பரப்புக்குச் செங்குத்தான திசையைப் பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சரிவின் போக்கு (1, −1), அதற்குச் செங்குத்தான நார்மல் (1, 1). பொருளைக் கிடையாக இரண்டு மடங்கு நீட்டுகிறோம். போக்கு (2, −1) ஆகிறது. நார்மலையும் அதே அணியால் பெருக்கினால் (2, 1). இரண்டின் புள்ளிப் பெருக்கல் 4 − 1 = 3. செங்குத்தாக இருந்தால் பூஜ்ஜியம் வர வேண்டும்; வரவில்லை, அதாவது இனி அது நார்மலே இல்லை. நேர்மாறு அணியின் நிரை நிரல் மாற்று அணியைப் பயன்படுத்தினால் (½, 1) கிடைக்கும்; புள்ளிப் பெருக்கல் 1 − 1 = 0. நீட்டலும் சுருக்கலும் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்வரை இந்தத் தவறு வெளியே தெரியாது. அதனால்தான் பல மாதம் ஒளிந்திருந்துவிட்டு, யாரோ ஒரு பொருளை ஒருபக்கமாக இழுத்த அன்று வெளிப்படும்.

பெயர்களால் வரும் மயக்கம்

ஷேடிங் என்பது ஒரு மேற்பரப்பு தன் மேல் விழும் ஒளிக்கேற்ப எந்த நிறத்தில் தெரியும் என்ற கணக்கு. நிழல் விழுவது வேறு. நடுவில் இன்னொரு பொருள் மறைக்கிறதா என்று தேட வேண்டும். ஃபாங் என்ற பெயரில் இரண்டு சரக்குகள் உண்டு: நார்மல்களை மேற்பரப்பு முழுவதும் இடைக்கணித்துப் பரப்பும் முறை ஒன்று, பளபளப்பைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று. ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றதையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. ரே டிரேசிங் என்றாலே தத்ரூபம் என்ற நம்பிக்கையும் தவறு. டர்னர் விட்டட் 1980-இல் காட்டிய முறை பிரதிபலிப்பு, ஒளிவிலகல், கூர்மையான நிழல் ஆகியவற்றைத் தந்தது. சுவரில் பட்டுச் சிதறி அறையை நிரப்பும் ஒளி அதில் இல்லை. அதையும் உள்ளடக்கிய பொதுச் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986-இல் வெளியிட்டார்.

தூரத்தில் மினுக்கும் பரப்புகள்

தொலைவில் உள்ள இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று முந்தி மினுக்கும்போது, டெப்த் பஃபரின் (எது முன்னால், எது பின்னால் என்று முடிவுசெய்ய ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆழத்தைக் குறித்துவைக்கும் நினைவகத்தின்) துல்லியம் போதவில்லை என்று ஃபார் பிளேனை, அதாவது கேமரா பார்க்கும் தொலைவின் கடைசி எல்லையை, குறைக்கப் பார்ப்பார்கள். தவறான முனையைப் பிடிக்கிறார்கள். டெப்த் பஃபரில் இருப்பது நேரடித் தூரமல்ல. தூரத்தின் தலைகீழியைச் சார்ந்த எண். நியர் பிளேன் (கேமராவுக்கு அருகிலுள்ள எல்லை) 0.1 மீட்டர், ஃபார் பிளேன் 1000 மீட்டர் என்றால், மொத்த மதிப்புகளில் 90 சதவீதம் கேமராவிலிருந்து முதல் 1 மீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. மீதி 999 மீட்டருக்கும் பத்து சதவீதம்தான்.

24 பிட் பஃபரில், 1000 மீட்டர் தொலைவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். நியர் பிளேனை 1 மீட்டருக்குத் தள்ளினால் அது 6 சென்டிமீட்டராகக் குறையும். ஃபார் பிளேனை 1000-லிருந்து 500-க்குக் குறைத்தாலோ, 400 மீட்டரில் உள்ள பொருளுக்குக் கிடைக்கும் துல்லியம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நியர் பிளேனைத் தள்ள இடமே இல்லாத காட்சிகளில், மிதவைப் புள்ளி டெப்த் பஃபரை எடுத்துக்கொண்டு, அருகில் 1, தொலைவில் 0 என்று மதிப்புகளைத் தலைகீழாக்குங்கள். மிதவைப் புள்ளி எண்கள் பூஜ்ஜியத்துக்கு அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அந்த நெருக்கம் தொலைவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கூடவே டெப்த் ஒப்பீட்டின் திசையையும், பஃபரைத் துடைக்கும் தொடக்க மதிப்பையும் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் திரையில் எதுவுமே தெரியாது; இரண்டையும் விட்டுவிட்டால் பின்னால் உள்ளவை முன்னால் உள்ளவற்றை மறைத்துவிடும்.