வீட்டுக்காரர் வெளிநாடு போகிறார்: நீங்களும் பிள்ளைகளும் எங்கே இருப்பது?

கட்டார், குவைத், சவூதி என்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆள் போகாத தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் இப்போது குறைவு. ஏஜென்சி, மெடிக்கல், பாஸ்போர்ட் என்று போகிறவருடைய காரியம் ஒவ்வொன்றும் ஒழுங்காக நடக்கும். இங்கே இருக்கப் போகிற மனைவி எங்கே இருப்பாள் என்பதை மட்டும் கிளம்புகிற வாரத்தில் பேசுவார்கள். "எங்க அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். படையிலிருந்து வெளிநாட்டுப் பணிக்குப் போகிறவர், கப்பலுக்குப் போகிறவர் வீட்டிலும் இதே நிலைதான்.

விசா வருவதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்த இடத்தில் இரண்டு வருடம் இருக்கப் போகிறவர் நீங்கள், அதனால் கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1. இடங்களை எழுதுங்கள்

ஒரு கொப்பியில் எழுதினால் போதும். இப்போது இருக்கிற லயன் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) அல்லது தனி வீடு, மாமியார் வீடு, வேறு தோட்டத்தில் உள்ள அம்மா வீடு, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை மாதிரி டவுனில் வாடகை அறை. பெரும்பாலும் இந்த நாலுதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இரவில் நான் கூப்பிட்டால் யார் வருவார்கள்? பெயரோடு எழுத வேண்டும். "அக்கம்பக்கம் இருக்கிறார்கள்" என்று எழுதினால் அது பதில் ஆகாது.

2. காம்பரா யாருடைய வேலையில் நிற்கிறது?

லயன் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பதிவில், இருப்பதை வைத்துத்தான் பல தோட்டங்களில் காம்பரா ஓடுகிறது. அவர் பெயர் வெட்டுப்பட்ட பிறகு காம்பராவுக்கு என்ன ஆகும் என்று ஒஃபீஸில் கேட்டுவிடுங்கள். நடைமுறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் தோட்டத் தலைவரை (தொழிற்சங்கத் தலைவரை) கூட்டிக்கொண்டு போங்கள். கிடைக்கிற பதிலை முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

நீங்களே கொழுந்து எடுக்கிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அம்மா வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) வராமல் இருந்தால் உங்கள் பெயரும் போகலாம். அதோடு மாதா மாதம் சேருகிற ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா வசதி எல்லாமே நிற்கும். வெளிநாட்டு வேலை நடுவில் முறிந்து அவர் திரும்பி வந்தால், அப்போது வீட்டில் ஓடுகிற ஒரே சம்பளம் உங்களுடையதுதான். இதனால் மட்டுமே இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். அது சரியான முடிவு.

7 பேர்ச் காணியில் கட்டிய புது வீடு உங்களுடையதென்றால் அதைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு மழைக் காலத்திலேயே சுவர் பூத்துவிடும்.

3. இரவுக் கணக்கு

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நடு இரவு, அடை மழை, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. லயனிலிருந்து வாகனம் வருகிற ரோட்டுக்கு எத்தனை நிமிடம்? அந்தப் படிக்கட்டில் வெளிச்சம் இருக்கிறதா? எந்த ஓட்டோக்காரத் தம்பி அந்த நேரத்தில் வருவார்? 1990 அம்புலன்ஸைக் கூப்பிடலாம், ஆனால் கூப்பிட சிக்னல் வேண்டும். பள்ளத்தில் இருக்கிற பல லயன்களில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை ஏறினால்தான் போனில் ஒரு கோடு வரும். அவர் இருக்கும்போதே ஒரு நாள் இருட்டிய பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். கொப்பியில் எழுதியதைவிட அந்த நடை தெளிவாகச் சொல்லும்.

அப்புறம் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. நீங்கள் தெரிவு செய்கிற இடம் அபாய இடமாக அடையாளம் காணப்பட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சுவரிலோ வாசலிலோ புது வெடிப்பு, கதவு திடீரென்று மூட மாட்டாமல் இறுகுவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, மரம் சாய்வது ஆகியவற்றை நீங்களே பாருங்கள். அபாய இடம் என்று தெரிந்தால் அந்த இடத்தை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு பாசமான வீடாக இருந்தாலும் சரி.

4. பிள்ளைகள்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், ஓ.எல். வருகிற வருடத்தில் பாடசாலை மாற்ற வேண்டாம். முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கிற வயதென்றால், அனுமதியின்போது அந்த முகவரியில் உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் கடந்த வருடங்களில் இருந்ததா என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். புது இடத்துக்குப் போனால் அந்தப் புள்ளி குறையும். கைக்குழந்தை என்றால் கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு புது இடத்து மிட்வைஃபிடம் பதிந்தால் போதும்.

5. காசு

போனவுடன் காசு வராது. முதல் சம்பளம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம், அதுவும் ஏஜென்சிக்கு வாங்கிய கடனுக்குத்தான் முதலில் போகும். டவுன் அறைக்கு அட்வான்ஸைக் கொட்டிவிட்டு அடுத்த மாத வாடகைக்கு நகை அடகு வைக்கிற நிலை வரவே கூடாது. டவுன்தான் வேண்டும் என்றால் ஆறு மாதம் கழித்துப் போங்கள்.

6. பெரியவர்களிடம் பேசுவது

இதை அவர்தான் செய்ய வேண்டும், போவதற்கு முன்பே, தன் வாயால். "அம்மா, காசு இவ பேர்ல உள்ள கணக்குக்கு வரும். உங்க மருந்துச் செலவு இவ்வளவு, அத இவ தருவா." இதைச் சபையில் சொல்லிவிட்டுப் போனால் பாதிச் சண்டை வராது. சொல்லாமல் போனால், அங்கிருந்து போனில் சமாதானம் பண்ண முடியாது.

போன் பேச இடமும் யோசியுங்கள். கட்டார், குவைத், சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவர் இரவு 10 மணிக்கு வேலை முடித்து எடுத்தால் இங்கே பன்னிரண்டரை. ஒரே காம்பராவில் மாமியாரும் கொழுந்தனும் படுத்திருக்க, நீங்கள் என்ன பேச முடியும்? கணவன் மனைவி மனம் விட்டுப் பேச ஒரு மூலை இல்லாத வீடு இரண்டு வருடத்துக்கு மிகவும் கஷ்டம். அந்த வீட்டில் யாராவது குடித்துவிட்டு வந்து தொந்தரவு செய்கிற ஆள் இருந்தால் வெட்கப்படாமல் இப்போதே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பின்னால் உதவி தேவைப்பட்டால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

7. ஒத்திகை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

தெரிவு செய்த இடத்தில், அவர் இங்கே இருக்கும்போதே நீங்களும் பிள்ளைகளும் மட்டும் இரண்டு வாரம் இருந்து பாருங்கள். சரிவராவிட்டால் கொப்பியில் இரண்டாவதாக உள்ள இடம் எது என்று அப்போதே பேசி வையுங்கள். அவர் போய் மூன்று மாதத்தில் மறுபடி பேசுவோம் என்று நாளையும் குறியுங்கள்.

எந்த வீடானாலும் சில கடதாசிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: ஒப்பந்தத்தின் பிரதி, பாஸ்போர்ட் பிரதி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த பற்றுச்சீட்டு, அங்குள்ள கம்பனியின் இலக்கம், ஏஜென்சி இலக்கம். பணியகத்தின் இலக்கம் 1989. அவரிடமிருந்து சில நாட்கள் பேச்சே இல்லை என்றால் முதலில் கேட்பது இந்த விபரங்களைத்தான். மாமியாரின் பெட்டியில் வைத்துப் பூட்ட விடாதீர்கள், ஒரு செட் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.