எமிஸ் பொறுப்பில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடிபி சொல்லக்கூடாது, தெரியாத லிங்க்கைத் தொடக்கூடாது என்பதெல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடலாம். விவரம் தெரிந்த ஆசிரியர்களே, வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் பள்ளிக்கல்வித் துறையின் இணையதளமான எமிஸின் பொறுப்பு கைமாறும்போதெல்லாம் கூடவே அவையும் கைமாறுகின்றன.

மாணவர் பட்டியலை அப்படியே குரூப்பில் போடுவது

மதியம் இரண்டு மணிக்கு ஒன்றிய அளவிலான வாட்ஸாப் குரூப்பில் செய்தி வரும்: 'உதவித்தொகை விவரம், 4 மணிக்குள், மிக அவசரம்'. வகுப்பாசிரியர் தன்னிடம் இருக்கும் எக்ஸல் ஷீட்டைத் திறக்கிறார். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், செல் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி என்று நாற்பது பிள்ளைகளின் விவரம் அதில் இருக்கிறது. கேட்டதோ மூன்று விவரம்தான். பிரித்தெடுக்க நேரமில்லை, முழு ஃபைலும் குரூப்பில் ஏறிவிடுகிறது. 'அனுப்பிட்டேன் சார்.'

அந்த குரூப்பில் இருப்பவர்களை ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெற்றவர், மாறுதலாகிப் போனவர், எப்போதோ ஒரு பயிற்சிக்காகச் சேர்த்த வெளியாள், யாருடையது என்றே தெரியாத நாலு நம்பர், எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். தவறு புரிந்து 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' கொடுக்கலாம், அதற்கும் ஏறக்குறைய இரண்டரை நாள்தான் அவகாசம். அதற்குள் யாராவது வேறு குரூப்புக்குத் தள்ளியிருந்தாலோ, கணினியில் இறக்கி வைத்திருந்தாலோ அந்த நகலை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோருக்கு இப்படி ஒரு போன் வரும்: 'கல்வித்துறையிலிருந்து பேசுறோம்மா. உங்க பொண்ணு எட்டாவது பி-தானே? ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, வாட்ஸாப்ல ஒரு க்யூஆர் அனுப்பிருக்கேன், ஸ்கேன் பண்ணுங்க.' பிள்ளை பெயர், வகுப்பு, பிரிவு, அப்பா பெயர் எல்லாம் சரியாக இருந்தால் எந்த அம்மாவும் நம்பத்தான் செய்வார். பணம் வாங்குவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ஆனால் அந்த நேரத்தில் அதை யோசிக்க விடாமல் செய்வது, நம் பட்டியல் கொடுத்த நம்பிக்கைதான். இவ்வளவுக்குப் பிறகும் 'நம்ம குரூப்தானே' என்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் என்பதே அதன் அடிப்படை.

கொஞ்சம் கவனமாக இருப்பவர்கள் ஆதார் காலத்தை, அதாவது எக்ஸலின் அந்த நெடுவரிசையை, 'ஹைட்' செய்து அனுப்புகிறார்கள். ஹைட் செய்தது கண்ணுக்குத்தான் மறைகிறது, ஃபைலை விட்டுப் போவதில்லை. ரைட் கிளிக், 'அன்ஹைட்', அவ்வளவுதான். ஃபில்டர் போட்டு எட்டாம் வகுப்பை மட்டும் காட்டினாலும் மற்ற வகுப்புகள் உள்ளேயே இருக்கும். 'ப்ரொடெக்ட் ஷீட்' திருத்துவதைத் தடுக்குமே தவிர, படிப்பதைத் தடுக்காது.

செய்ய வேண்டியது இது. புதிதாக ஒரு காலி எக்ஸல் ஃபைலைத் திறந்து, கேட்ட காலங்களை மட்டும் காப்பி செய்து 'பேஸ்ட் வேல்யூஸ்' கொடுங்கள். பிறகு ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் வொர்க்புக், 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு'. இந்தப் பூட்டு மட்டும்தான் ஃபைலைத் திறக்கவே விடாது. ஃபைலைக் கேட்டவருக்கு மட்டும், அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். அதே மெயிலின் கடைசி வரியில் எழுதினால் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான். எமிஸில் ஏற்கெனவே ஏற்றிய விவரத்தைத் திரும்பக் கேட்டால், 'எமிஸில் இருக்கிறது' என்று பதில் போடலாம், தப்பில்லை.

கூகுள் ஷீட்டிலும் இதே கூத்து. 'எனிஒன் வித் த லிங்க்' என்று வைத்து, கூடவே 'எடிட்டர்' உரிமையும் கொடுத்தால், லிங்க் கிடைத்தவர் எல்லோரும் எல்லாப் பள்ளி விவரத்தையும் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். பிறகு ஆதார் காலத்தை அழித்தாலும் பயனில்லை. எடிட்டர் உரிமை உள்ளவர் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் போய்ப் பழையதைப் பார்த்துவிடுவார். 'மேக் எ காப்பி' கொடுத்து வரும் புது நகலில் அந்தப் பழைய வரலாறு இருக்காது. அதைப் பகிருங்கள், பழையதை 'ரெஸ்ட்ரிக்டெட்' ஆக்குங்கள். கூகுள் ஃபார்ம் என்றால் செட்டிங்ஸில் 'வியூ ரிசல்ட்ஸ் சம்மரி' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் ஃபார்ம் நிரப்பிய ஒவ்வொருவரும் மற்றவர்கள் கொடுத்ததையும் பார்க்கலாம்.

யுடைஸ் எண்ணையே பாஸ்வேர்டாக வைப்பது

யுடைஸ் என்பது ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண். 11 இலக்கம், தமிழ்நாட்டுக்கு 33-இல் தொடங்கும், இணையத்தில் யாரும் தேடி எடுக்கலாம். அதற்கு ஏன் பாஸ்வேர்டு என்று பெயர்?

அலுவலகக் கணினியில் வாட்ஸாப் வெப்

பட்டியலை பிரிண்ட் எடுக்க ஒருமுறை இணைப்பார்கள். டேபை மூடினால் வெளியேறிவிட்டதாக நினைப்பு. போன் உங்கள் பையில் இருந்தாலும், ஏன், அணைந்தே இருந்தாலும், அந்தக் கணினியில் உங்கள் சாட் ஓடிக்கொண்டே இருக்கும். போனில் வாட்ஸாப் திறந்து 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள். அடையாளம் தெரியாத கணினி இருந்தால் 'லாக் அவுட்' கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தாலும் இதேதான். கூடவே 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலும் 'ரீசைக்கிள் பின்'னிலும் ஃபைலை அழித்துவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரரின் வாட்ஸாப் நம்பருக்கு ஆதார் அனுப்புவதாக இருந்தால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' ஆதார் வழங்கும் அமைப்பான யுஐடிஏஐயின் தளத்திலேயே கிடைக்கிறது.

குரூப்பில் வரும் ஏபிகே

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்று பெயர் மாறும். ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை, ஆப். நிறுவியதும் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும். சக ஆசிரியர் அனுப்பியதாயிற்றே என்று நம்புவதில்தான் வினை. அவர் போனைப் பிடித்த அதே ஆப்தான் அவர் பெயரில் உங்களுக்கும் அனுப்பியிருக்கும். தெரியாமல் நிறுவிவிட்டால் உடனே ஏரோபிளேன் மோட், வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். அதன் பிறகு ஆப்பை நீக்கலாம்.

மேலதிகாரி படம் வைத்த புது நம்பர்

பணமோ கிஃப்ட் கார்டோ கேட்டால் அவருடைய பழைய நம்பருக்குக் கூப்பிடுங்கள்.

விண்டோஸ் 10

2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. எமிஸ் வேலையை அதில் செய்யாதீர்கள்.

பணம் போனதை வெளியே சொல்லக் கூச்சப்படுவது

ஆசிரியராக இருந்துகொண்டு ஏமாந்தோமே என்று இரண்டு நாள் மறைப்பவர்கள் அதிகம். அதற்குள் பணம் நாலைந்து கணக்கு மாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட்டால், பணம் இன்னும் ஏதாவது கணக்கில் இருக்கும்போதே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. கூப்பிடும் முன் போன தொகை, நேரம், உங்கள் வங்கி, 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியலாம். ஆத்திரத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். போலீஸ் முதலில் கேட்பது அந்தச் சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான்.