பால் பத்தவில்லை என்று டப்பாப் பால்பவுடர் வாங்கும் முன்

கொடைக்கானலுக்கு மேலே உள்ள மேல்மலைப் பக்கம் பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று எந்த ஊருக்குப் போனாலும், தலைப்பிள்ளை பெற்ற வீட்டில் பேச்சு ஒன்றுதான்: "நர்ஸம்மா, பால் பத்தலை." எங்கள் தலைமுறை செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே காரியங்களை, செல்போனில் அத்தனை வீடியோ பார்த்த பெண்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். சீம்பாலைக் கொட்டாதே, சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைக்காதே என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

இல்லாத குறையைக் கண்டுபிடிப்பது

பிறந்த அன்று ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி சீம்பால் போதும். பால் நன்றாக இறங்க இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும்; சிசேரியன் என்றால் சற்றுத் தள்ளிப் போகலாம். முதல் சில நாளில் பிள்ளையின் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆறு வாரம் ஆனபின் மார்பு கனமில்லாமல் தளர்ந்து இருக்கும். அது பால் வற்றியதல்ல, உடம்பு பிள்ளையின் அளவுக்குப் பழகியதன் அடையாளம். பம்ப் வைத்துப் பார்த்தேன், கால் டம்ளர்கூட வரவில்லை என்பார்கள். பிள்ளை வாய்க்கு வருகிற பால் பம்புக்கு வராது.

கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர், அதுவும் வெளிறிய நிறத்தில்; மலம் மஞ்சளாக; எடை ஏறுமுகமாக. குளிருக்குப் பயந்து நாள் முழுக்க டயப்பர் போடுகிற வீட்டில் இந்த எண்ணிக்கை தெரியவே தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு நாள் பழைய வேட்டித் துணியைக் கட்டி எண்ணிப் பாருங்கள்.

சாயங்கால டப்பா

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

மேல்மலையில் ஒரு வீடு. ஊர்ப்பெயர் வேண்டாம். பிள்ளைக்கு மூன்று வாரம். பகலெல்லாம் நன்றாகக் குடித்துத் தூங்கும். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், குடிக்கும், விடும், அழும், மறுபடி தேடும். ராத்திரி பத்து மணி வரை இதே கதைதான். பல பிள்ளைகள் இந்த வயதில் மாலையில் இப்படி விட்டு விட்டு அடிக்கடி குடிக்கும். அது பசி மட்டுமல்ல. அடுத்த நாள் பாலுக்கு இன்றே சொல்லி வைப்பதும்கூட. ஆனால் வீட்டில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. மாமியார் சொல்ல, மகன் பைக்கை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போய் டப்பா வாங்கி வந்துவிட்டான். ஒரு புட்டி உள்ளே போனதும் பிள்ளை நாலு மணி நேரம் தூங்கியது. "பாத்தியா, பசிதான் பிள்ளைக்கு" என்று வீடே ஒரே முடிவுக்கு வந்தது.

அந்த நாலு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. தாயின் மார்பில் பால் தங்கிப் போனது. பால் தங்கினால், சுரப்பைக் குறைத்துக்கொள் என்று மார்புக்குள்ளேயே செய்தி போய்விடும். பிள்ளை உறிஞ்சும்போதுதான் பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்கிற ஹார்மோன் ஏறும். உறிஞ்சாத வேளையில் ஏது? மறுநாள் மாலை பால் கொஞ்சம் குறைவு. அதனால் புட்டியில் கொஞ்சம் கூட. இப்படியே போய், ஒரு வேளைக்கு என்று வந்த டப்பா மூன்று வேளையானது. புட்டியில் பால் தானாக வழிந்து வரும் சுகத்தைப் பழகிய பிள்ளை, மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் போனபோது தாய் அழுதுகொண்டே சொன்னாள்: "எனக்குப் பாலே ஊறாதுக்கா." அவளுக்கு நன்றாக ஊறிக்கொண்டிருந்தது. ஊற விடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்திதான் சரியாகச் சொன்னாள்: "இறைக்கிற கிணறுதாம்மா ஊறும்."

செலவு ஒரு பக்கம். அதைவிட மோசம், டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்றரை போட்டுக் கலக்கியிருந்தார்கள். பிள்ளையின் வயிறு தண்ணீரால் நிறையும், எடை ஏறாது. பவுடர் கலக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற ஒழுங்கும் மலையில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்: 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், சூடு குறைவு, எனவே குமிழி வந்தபின் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். கொடைக்கானல் அந்த உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுத்து டப்பா விற்ற கடைக்காரரை நான் பார்த்ததில்லை. குழந்தைப் பால்பவுடருக்கு விளம்பரம் செய்யவோ இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் "தாய்ப்பால் பத்தலைன்னா இதைக் கொடுங்க" என்கிற வாய்மொழி விளம்பரத்துக்கு எந்தச் சட்டமும் பூட்டுப் போடவில்லை.

சரி, டப்பா வந்துவிட்டது, இனி என்ன செய்வது? அன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், பிள்ளை பட்டினி கிடக்கும். முதலில் மார்பு, இரண்டு பக்கமும். அதன் பிறகே டப்பா பால். அதையும் புட்டியில் வேண்டாம், பாலாடையில் (சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை மார்பில் வையுங்கள். குடித்து முடித்த பிறகும் சில நிமிடம் கையால் பீய்ச்சி எடுங்கள். அந்தப் பாலையும் பாலாடையில் கொடுத்துவிடலாம். அங்கன்வாடியில் வாரா வாரம் எடை பார்த்துக்கொண்டே டப்பா அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மேலே சொன்ன வீட்டில் டப்பா ஒழிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வாங்கி வர ஒரு பைக் சவாரி போதுமாக இருந்தது.

மூட்டை கட்டுவது

மார்கழி, தை மாதத்தில் பிறந்த பிள்ளைகளை இங்கே பார்த்தால் மூக்கு மட்டும்தான் தெரியும். ஸ்வெட்டர், குல்லா, கையுறை, அதற்குமேல் இரண்டு கம்பளி. கதகதப்பு வேண்டும், யார் மறுத்தார்கள்? ஆனால் அளவுக்கு மீறிச் சுற்றிய பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும், பசிக்கு எழாது. எழுந்து கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பினாலும் கையுறைக்குள் யாருக்குத் தெரியும்? பால் கொடுக்கும்போது பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தாயின் வெறும் மார்போடு அணைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து வெளியே கம்பளியைப் போர்த்துங்கள். தாயின் உடம்புச் சூடே பிள்ளைக்குப் போதும், பாலும் நன்றாக இறங்கும். இன்னொன்று: கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளை பெற்ற அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு வாசனை காட்டாமலே ஆளைக் கொல்லும்.

பூண்டை நம்பிப் பிள்ளையை மறப்பது

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளை பெற்றவளுக்கு அதைப் பாலில் வேகவைத்துக் கொடுப்பதோ எத்தனையோ தலைமுறைப் பழக்கம். நானும் தடுப்பதில்லை, முருங்கைக்கீரை, கருவாடு எல்லாம் சாப்பிடட்டும். பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 500, 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஆனால் நேரத்துக்கு ஒரு கிண்ணம் பூண்டுப்பால் போகிற வீட்டில், பிள்ளை நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் மார்புக்கு வருகிறது என்றால் எந்தப் பூண்டும் எடுபடாது. பத்தியம் என்று தண்ணீரை அளந்து கொடுப்பதையும் விடுங்கள். தாகத்துக்குக் குடிக்கட்டும். செம்பு செம்பாகத் திணித்தால் பால் கூடிவிடும் என்பதும் கிடையாது.

காம்பை மட்டும் கொடுப்பது

காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் சேர்ந்து வாய்க்குள் போக வேண்டும். வலித்தால் பிடி தப்பு; எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இரவில் பாட்டியிடம் படுக்க வைப்பது

வேண்டாம். புரோலாக்டின் இரவில்தான் அதிகம்.

மருந்துக்கடையில் பால் மாத்திரை கேட்பது

டாக்டர் எழுதாமல் கூடவே கூடாது.

உண்மையான குறையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது

நிஜமாகவே பால் குறைவாக ஊறும் பெண்கள் இருக்கிறார்கள். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள், நஞ்சுக்கொடி முழுதாக வெளிவராதவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், மார்பில் அறுவை செய்துகொண்டவர்கள். சில கருத்தடை மாத்திரைகளும் பாலைக் குறைக்கும். இவர்களிடம் போய் "மனசு வெச்சா ஊறும்" என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கு வேண்டியது பரிசோதனை. அதுவரை டாக்டர் சொல்லும் அளவில் டப்பா பாலும் மருந்துதான்.

சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ போனால், பிள்ளை துவண்டு குடிக்க எழாமல் கிடந்தால், இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கு வராவிட்டால், விடியட்டும் காலை வண்டிக்குப் போகலாம் என்று உட்காராதீர்கள். துவண்டு கிடக்கிற பிள்ளை என்றால் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி மலையேறி வருவதற்குள் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் எடுத்து, பிள்ளை விழித்து விழுங்குகிறது என்றால் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள்.