அரிச்சல்முனைக்குப் பிள்ளையோடு போகிறீர்களா? நான்கு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்

ராமநாதபுரத்திலிருந்து கிளம்பினால் போகும்போது எங்கும் நிற்காதீர்கள். நேராகத் தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போய்விட்டு, திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் தடவை நான் மாற்றிச் செய்தேன். பாம்பனில் ஒரு மணி நேரம், பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தில் ஒரு மணி நேரம் என்று நின்று நின்று போனதில், தனுஷ்கோடிக்குள் விடும் நேரம் முடிந்துவிட்டது. "அத்தா, நிலம் முடியுற இடம் எப்ப வரும்?" என்று வழியெல்லாம் கேட்டு வந்த மகள், திரும்பும்போது மண்டபம் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை.

அடுத்த முறை விடியற்காலையில் கிளம்பினோம். நான்கு விதத் தண்ணீர் பிடிக்க நான்கு சின்ன பாட்டில், ஒரு மார்க்கர் பேனா. பெயர் எழுதுவது அவள் வேலை.

முதல் இரண்டு பாட்டில் கடல் தண்ணீருக்கு. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் விரிகுடா. ஊர்க்காரர்கள் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும், அங்கே பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். வழியில் அலை அடங்கிய இடமாகப் பார்த்து நீங்களே பிடித்துக் கொடுங்கள்.

மூன்றாவது பாட்டில்தான் அதிசயம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரை அகப்பையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். "அக்கா, பாப்பாவுக்குக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டேன். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, கடலைத் திரும்பிப் பார்த்தாள். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு, அதனால் மணலுக்குள் மேலாக நிற்கிறது என்று அங்கேயே சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கு அது குடிதண்ணீர். ஒரு சின்ன பாட்டிலுக்கு மேல் கேட்காதீர்கள்.

இடிந்த தேவாலயச் சுவரைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பவளப்பாறைக் கல், தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். கடையில் பவளம் விற்றால் வாங்க வேண்டாம். சட்டப்படியும் குற்றம், கடலுக்கும் கேடு.

நான்காவது பாட்டில் தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தத்தில். கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் கடைசியில் கிணறு. சுற்றிலும் உப்பு, உள்ளே நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பாலம் ஏறும் முன்பே ஓரமாக விட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து நடைபாதையில் போங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், கப்பல் வந்தால் இரண்டு கைகளையும் தூக்குவதுபோலத் திறந்து வழிவிட்டது. 2025-ல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். இதை வாயால் விளக்காமல் கையால் செய்து காட்டுங்கள்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலான நவபாஷாணத்தை அதே நாளில் சேர்க்காதீர்கள். அது வேறு திசை.

மறுநாள் நான்கு தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். எங்கள் வீட்டில் சாயங்காலம் இரண்டு தட்டில் உப்பு பொரிந்து கிடந்தது. மகள் ஊற்றுத் தட்டைத்தான் விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள்.