ஆன்லைனில் புத்தகம் விற்கக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதி கார்டு வேலை போக, பாண்டியிலும் கடலூரிலும் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் லேஅவுட்டுக்கு என்னிடம் வருவார்கள். புத்தகம் வந்து ஆறு மாதம் கழித்து, "அக்கா, ஆன்லைன்ல போட்டுட்டேன், ஒண்ணுகூட நகரலையே" என்று மறுபடி வருவார்கள். அவர்களிடம் சொல்வதுதான் இது.

முதலில் விலை. 160 பக்கம், டெமி சைஸ், நூறு பிரதி. ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 80 ரூபாய் என்று வையுங்கள். அட்டையில் 200 போடுகிறீர்கள். விற்பனையாளருக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு 120. அச்சு போக 40. இதுவரை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இதற்கு அப்புறம் நடப்பதை யாரும் யோசிப்பதில்லை. உங்களிடம் 120க்கு வாங்கியவர் அதையே அமேசானில் 160க்குப் போடுவார். நீங்களும் அங்கே 200க்குப் போட்டிருப்பீர்கள். அங்கே ஒரு புத்தகத்துக்கு ஒரே பக்கம்தான், விற்கிறவர்கள்தான் பலர். விலை குறைத்து, சீக்கிரம் அனுப்புகிறவர் பெயர்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். உங்கள் புத்தகத்துக்கு நீங்களே இரண்டாவது ஆள். அந்தக் குறைந்த விலைக்குக் காசு கொடுத்ததும் நீங்கள்தான், கழிவாக.

அதனால் முதல் மூன்று மாதம் யாருக்கும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கேட்கிற கடைக்கு ஐந்து பிரதி, 25 சதவீதக் கழிவு, போதும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. மீதியை வாட்ஸ்அப்பிலும் ஜிபேயிலும் நேராக விற்றுக்கொள்ளுங்கள். புத்தகக் கண்காட்சியில் கொடுப்பதுபோல 10 சதவீதம் தள்ளினால் 180. அச்சு 80, தபால் 25க்குள், கவர் 5. எழுபது ரூபாய் நிற்கும்.

இப்படி விலையைக் குறைத்து விற்பதில் அரசாங்கம் தலையிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம்மூரில் பாதி வீட்டுக்குச் சொந்தம் பிரான்சில் இருக்கிறதே, அவர்களைக் கேளுங்கள். அங்கே 1981இல் போட்ட சட்டப்படி புதுப் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக்கூடாது. 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டரை வீட்டுக்கு அனுப்பக் குறைந்தது 3 யூரோ வாங்கியாக வேண்டும். சின்னக் கடை பிழைக்கட்டும் என்றுதான். இங்கே அப்படி எந்தச் சட்டமும் கிடையாது.

அடுத்து, யாரோடு மோதுகிறோம் என்று பாருங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள், விலையையும் போட்டி போட்டுக் குறைக்கிறார்கள். உங்கள் சரித்திர நாவலை அந்த விலையோடு ஒப்பிட்டுக் குறைப்பது வீண். பெயர் தெரியாதவரின் புத்தகத்தை விலைக்காக யாரும் வாங்குவதில்லை, விஷயத்துக்காக வாங்குகிறார்கள். அந்த விஷயம் தேடலில் சிக்க வேண்டும். கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு அண்ணன் விசைப்படகு வாழ்க்கையை எழுதிவிட்டு 'நினைவலைகள்' என்று தலைப்பு வைத்திருந்தார். அந்தப் பெயரைத் தட்டினால் ஊரில் உள்ளவர்களின் சுயசரிதை எல்லாம் வரும். தலைப்பை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. கீழே 'கடலூர் விசைப்படகுக்காரரின் அனுபவங்கள்' என்று துணைத்தலைப்பு சேர்த்தோம். தலைப்பையும் உங்கள் பெயரையும் ஆங்கில எழுத்திலும் கொடுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள். இனிஷியலை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் போடாதீர்கள்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம், மத்திய அரசின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மின்நூல் போடுவதானால் அமேசானின் கிண்டிலில் செலெக்ட் என்ற கட்டத்தை டிக் செய்யும் முன் படியுங்கள். டிக் செய்தால் 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்த வலைப்பதிவிலும்கூட. நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகவே அடுத்த 90 நாளுக்கு நீளும். பதிலுக்கு, சந்தா கட்டிய வாசகர்கள் படிக்கும் பக்கக் கணக்கில் பணம் வரும். பெயர் தெரியாதவர்களுக்கு இது நல்லதுதான் என்பது என் எண்ணம். காசு கொடுத்து வாங்கத் தயங்குகிறவர்கூடச் சந்தாவில் புரட்டிப் பார்ப்பார்.

கடைசியாகத் தபால். 2025 மே மாதம் முதல் புத்தகங்களுக்கென்றே ஞான் போஸ்ட் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100, வரி தனி. 160 பக்கப் புத்தகம் 300க்குள் அடங்கும், கெட்டி அட்டை வைத்துக் கட்டாமல் இருந்தால். நான் கடையிலேயே எடை போட்டுவிட்டுத்தான் ரங்கப்பிள்ளை வீதித் தபால் நிலையத்துக்குக் கொடுத்தனுப்புவேன். புத்தகத்தில் பதிப்பகம் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. லேஅவுட்டின்போதே இரண்டாம் பக்கத்தில் அதைப் போடச் சொல்லிவிடுங்கள். உள்ளே வேறு கடை விளம்பரம் எதுவும் அச்சடிக்காதீர்கள், உங்கள் மற்ற புத்தகங்களின் பட்டியல் மட்டும் இருக்கலாம்.