நெடுநாள் ஓய்ந்திருந்த லேத்தை வீட்டுப் பட்டறையில் மீண்டும் ஓட்டுவது எப்படி?

வேலை, குடும்பம், வீடு மாற்றம் என ஏதோ ஒரு காரணத்தால் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த லேத்தை (உலோகத்தைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரத்தை) மீண்டும் ஓட்ட விரும்புவோருக்கும், பழைய லேத் ஒன்றை வாங்கி இக்கலையைப் புதிதாகத் தொடங்குவோருக்கும் இவ்விளக்கம் உதவும். சுவிட்சைப் போட்டு உடனே ஓர் இரும்புத் துண்டைச் சீவிப் பார்க்கத்தான் எவருக்கும் கை துடிக்கும். ஆனால், இயந்திரத்தை நம்பத்தக்கதாக ஆக்கிய பிறகே அதில் எந்தப் பொருளையும் செய்யத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: சுத்தம் செய்தல்

பிளக்கைப் பிடுங்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகி, தூசியையும் இரும்புத் துகள்களையும் பிடித்து வைத்திருக்கும். சேடிலை (வெட்டும் டூலைத் தாங்கி நகரும் பகுதியை) அப்படியே உருட்டினால் அத்துகள்கள் பெட்டின் (லேத்தின் நீண்ட அடித்தளத்தின்) வழித்தடங்களைக் கீறிவிடும். எனவே, மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் தடங்களை முதலில் துடைத்து, பிறகு சேடிலை மெல்ல நகர்த்தி, அது மறைத்திருந்த இடத்தையும் துடைக்க வேண்டும். மேலோட்டமான துருவை எண்ணெய் தொட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல் கொண்டு எடுக்கலாம். வழித்தடங்களில் எமரி தாளைப் பயன்படுத்தவே கூடாது. அதிலிருந்து உதிரும் பொடி சேடிலுக்கு அடியில் தங்கி, ஓட ஓட உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் படி: எண்ணெயும் மோட்டாரும்

வழித்தடங்களுக்கு விஜி 68 என்ற பாகுத்தன்மைத் தரமுள்ள ஸ்லைடுவே ஆயில் பொருத்தமானது. ஹெட்ஸ்டாக்கிற்கு (சுழலும் தண்டைத் தாங்கும் பகுதிக்கு) எந்த எண்ணெய் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். எண்ணெய் விட்டபின் சக்கை (வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பானை) கையால் பல சுற்றுகள் சுற்றி, எங்காவது பிடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஈரம் ஏறிய மோட்டாரில் மின்கசிவு ஏற்படலாம் என்பதால், எலக்ட்ரீஷியனை அழைத்து வைண்டிங்கின் இன்சுலேஷனையும் எர்த் இணைப்பையும் சோதித்துக்கொள்வது அவசியம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கும்.

மூன்றாம் படி: பாதுகாப்புப் பழக்கங்கள்

கைப்பிடிகளைச் சுற்றும் பழக்கம் கைக்கு விரைவில் திரும்பிவிடும். எச்சரிக்கைப் பழக்கங்கள் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. வேட்டி, லுங்கி, தோள் துண்டு, தொங்கும் சட்டைக் கை ஆகியவற்றுடன் ஓடும் லேத்தின் அருகில் நிற்கக் கூடாது. கையுறையும் ஆகாது, சுழலும் தண்டு அதைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு ஒரு கணம்கூடத் திரும்பாதீர்கள். இரும்புச் சுருள்களை லேத்தை நிறுத்தியபின் கொக்கியால் மட்டுமே அகற்றுங்கள்.

நான்காம் படி: டூலின் உயரமும் வேகமும்

டூலின் நுனி வேலைத்துண்டின் மையத்திற்கு நேராக இருக்க வேண்டும். நின்றிருக்கும் உருண்டைத் தண்டுக்கும் டூல் நுனிக்கும் இடையே மெல்லிய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை வைத்து, கிராஸ் ஸ்லைடை (டூலை வேலைத்துண்டை நோக்கிக் குறுக்காக நகர்த்தும் பகுதியை) இலேசாக நெருக்குங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடைக் கடைய நிமிடத்திற்கு 25 மீட்டர் வெட்டு வேகம் போதுமானது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ராடுக்கு இது சுமார் 320 ஆர்.பி.எம். (நிமிடத்திற்கு 320 சுற்றுகள்) ஆகும். அந்த எண் உங்கள் லேத்தில் இல்லையென்றால் அதற்கு அடுத்துக் குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: இரட்டை வளையச் சோதனை

இடம் மாறிய லேத்தின் பெட் சற்றே முறுக்கிக்கொண்டிருக்கலாம். சாதாரண ரசமட்டம் இதைக் காட்டாது. அதனால் முதல் வேலையாக இச்சோதனையையே செய்யுங்கள். 25 மில்லிமீட்டர் ராடைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் (சக்கிற்கு எதிர்முனையில் ராடைத் தாங்கும் பகுதி) ஆதரவின்றி 100 மில்லிமீட்டர் வெளியே நீட்டுங்கள். நடுப்பகுதியை 2 மில்லிமீட்டர் விட்டம் குறையும்படி கடைந்து, இரு முனைகளிலும் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையங்களை விடுங்கள். பிறகு கூரான டூலால், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், ஒரே ஓட்டத்தில் இரு வளையங்களையும் மிக மெல்லிதாகச் சீவ வேண்டும். ராடு வளைந்து கொடுத்திருக்கக்கூடும் என்பதால் அதே அமைப்பில் இன்னொரு முறை ஓட்டிவிட்டு, மைக்ரோமீட்டரால் அளவெடுங்கள்.

வெளிமுனை வளையம் பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்தில் உங்களை நோக்கியுள்ள காலின் கீழ் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, போல்ட்டை இறுக்கி, மீண்டும் சீவிப் பாருங்கள். சிறிதாக இருந்தால், அதே பக்கத்தின் பின்காலுக்குத் தகடு வைக்க வேண்டும். இது பொறுமையைக் கோரும் வேலை; ஒரு மாலை முழுவதும் பிடித்தாலும் அவசரப்பட வேண்டாம். இரண்டு வளையங்களும் 0.01 மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தால் வீட்டுப் பட்டறைக்கு அது நல்ல நிலையே.

பெட் சரியான பிறகுதான் டெயில்ஸ்டாக்கைத் தொட வேண்டும். ராடின் முனையில் சென்டர் துளையிட்டு, டெயில்ஸ்டாக் சென்டரால் (அதன் கூம்பு முனையால்) தாங்கி, வளையங்களை மீண்டும் சீவுங்கள். டெயில்ஸ்டாக் பக்க வளையம் 0.06 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக்கை உங்களை நோக்கி அதில் பாதி, அதாவது 0.03 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) ஒன்றைப் பொருத்தி நகர்வைப் பார்த்துக்கொண்டே திருகுவது நல்லது. முடிந்ததும் ராடில் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். லேத்தை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே ராடைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்யலாம்.